ஒரே அளவு, ஒரே வடிவம்: இரும்பு ஆக்சைடு துகள்கள் பற்றி வாசகர் கேள்விகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் இரும்பு ஆக்சைடு துகள் தயாரிப்பைத் தொட்டவற்றை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: ஐயா, ஃபெரிக் குளோரைடையும் ஃபெரஸ் குளோரைடையும் 2-க்கு 1 என்ற மோல் விகிதத்தில் கரைத்து, அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டு மேக்னடைட் (காந்தத்தில் ஒட்டும் கறுப்பு இரும்பு ஆக்சைடு) செய்கிறேன். ஒவ்வொரு முறையும் துகள் அளவு மாறுகிறது. சில நேரம் கறுப்புக்குப் பதில் பழுப்பாக வருகிறது. எங்கே தவறு?
– முதுநிலை வேதியியல் மாணவி, தர்மபுரி

பதில்: சொட்டுச் சொட்டாக விடுவதிலேயே பாதித் தவறு இருக்கிறது. ஃபெரிக் அயனி (மூன்று நேர்மின்னேற்றம் கொண்ட இரும்பு) பிஎச் 2, 3 வந்ததுமே வீழ்படியத் தொடங்கிவிடும். ஃபெரஸ் அயனிக்கு (இரண்டு நேர்மின்னேற்றம் கொண்டது) நடுநிலையைத் தாண்ட வேண்டும். காரம் மெல்ல ஏறினால் முதலில் பழுப்புக் கூழ் உருவாகி, பிறகுதான் ஃபெரஸ் வந்து சேர்ந்து அதை மேக்னடைட்டாக மாற்றும். அதற்குள் ஒவ்வொரு சொட்டும் தன் பங்குக்குப் புதிய கருக்களை, அதாவது துகள் வளரத் தொடங்கும் நுண்புள்ளிகளை, உண்டாக்கியிருக்கும். ஒரே நாளில் விதைத்த கேழ்வரகு ஒரே உயரத்தில் நிற்கும். வாரம் முழுக்க விதைத்தால் நிற்காது. இங்கேயும் அதுதான். எல்லாக் கருக்களும் ஒரே நொடியில் பிறந்து, அதன் பிறகு புதிது எதுவும் பிறக்காமல் இருந்தால்தான் அளவு ஒத்துவரும். 1950-இல் லாமேர், டினேகர் இருவரும் கந்தகக் கூழ்மத்தை வைத்து விளக்கிய கருத்து இது. இரும்பு ஆக்சைடுக்கும் அப்படியே பொருந்தும்.

அதனால் முறையைத் திருப்பிப் போடுங்கள். காரத்தைப் பீக்கரில் வைத்துக்கொண்டு இரும்புக் கரைசலை அதில் ஒரே மூச்சில் ஊற்றுங்கள். 1981-இல் பிரெஞ்சு வேதியியலாளர் மஸ்ஸார் வெளியிட்ட முறையின் பாதி அளவு இது. ஃபெரிக் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 5.41 கிராமைக் கரைத்து 20 மில்லியாக்குங்கள். ஃபெரஸ் குளோரைடு டெட்ராஹைட்ரேட் 1.99 கிராமை 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து 5 மில்லியாக்குங்கள். இரண்டையும் ஊற்றுவதற்குச் சற்று முன்புதான் கலக்க வேண்டும். இன்னொரு பக்கம், 25 சதவீத அம்மோனியா 13 மில்லியை 250 மில்லியாக நீர்க்கச் செய்தால் ஏறக்குறைய 0.7 மோலார் கிடைக்கும். அதை வேகமாகக் கலக்கிக்கொண்டே இரும்புக் கரைசலை ஊற்றி, அரை மணி நேரம் கலக்கலைத் தொடருங்கள். எல்லாம் சரியாக நடந்தால் 2.3 கிராம் மேக்னடைட் கிடைக்கும்.

காந்தக் கலக்கி இந்த வேலைக்கு ஆகாது. துகள் உருவான உடனே கலக்கும் கட்டையிலேயே போய் ஒட்டிக்கொள்ளும்; பீக்கரில் தெளிந்த நீர்தான் சுற்றிக்கொண்டிருக்கும். மேலிருந்து மோட்டார் சுழற்றும் கண்ணாடி அல்லது டெஃப்லான் துடுப்பு வேண்டும்.

பழுப்பு நிறத்துக்குப் பெரும்பாலும் காற்றுதான் காரணம். தண்ணீரை அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, மூடி ஆறவைத்துப் பயன்படுத்துங்கள். வினை நடக்கும்போது நைட்ரஜன் விடுங்கள். அடுத்து பாட்டிலைப் பாருங்கள். ஃபெரஸ் உப்பு வெளிர்பச்சையாக இருக்க வேண்டும். மேலே மஞ்சள் பூத்திருந்தால் அதில் ஒரு பகுதி ஏற்கெனவே ஃபெரிக்காக மாறிவிட்டது, உங்கள் விகிதம் 2-க்கு 1 அல்ல. ஃபெரிக் குளோரைடு ஈரம் இழுக்கும் சரக்கு. கசிந்து கட்டிபிடித்திருந்தால் தராசு காட்டும் எடையில் பாதி தண்ணீராகக்கூட இருக்கும். சித்திரை வைகாசி வெயிலில் அடிக்கடி திறந்த அம்மோனியா பாட்டிலில் லேபிளில் உள்ள 25 சதவீதம் இருக்காது. டைட்ரேட் செய்து (செறிவு தெரிந்த அமிலத்தோடு வினைபடுத்தி அளந்து) பார்த்தே எடுங்கள்.

கடைசியில் கழுவும்போது ஒரு கவனம். பீக்கருக்கு அடியில் காந்தம் வைத்து, தெளிநீரை இறுத்து, மறுபடி நீர் ஊற்றிக் கழுவுவீர்கள். நாலைந்து முறைக்குப் பிறகு உப்பு குறைந்ததும் மேல்நீர் தெளியாமல் தேநீர் நிறத்திலேயே நிற்கும். அழுக்கென்று கொட்டிவிடாதீர்கள், அதில் மிதப்பவைதான் ஆகச் சிறிய துகள்கள். இவ்வளவு செய்தாலும் இந்த முறையில் 5 முதல் 15 நானோமீட்டர் வரை பரவல் இருக்கும். அதைவிடச் சீராக வேண்டுமென்றால் வேறு முறைக்குத்தான் போக வேண்டும்.

கேள்வி: செய்த கறுப்புத் தூளை ஓவனில் 100 டிகிரியில் உலர்த்தி வைத்தேன். நிறம் மாறிவிட்டது, கட்டிபிடித்தும் விட்டது. எப்படிப் பாதுகாப்பது?
– ஆய்வக உதவியாளர், அரூர்

பதில்: உலர்த்தவே வேண்டாம். 10 நானோமீட்டர் மேக்னடைட்டைக் காற்றில் சூடாக்கினால் மேக்ஹெமைட் என்ற பழுப்பு இரும்பு ஆக்சைடாக மாறிவிடும். காந்தத்தில் அப்போதும் ஒட்டும் என்பதால் பலருக்கு இது தெரிவதே இல்லை. கட்டிபிடித்ததை மறுபடி பிரிப்பதும் நடக்காத காரியம். மேலே சொன்ன 2.3 கிராம் துகளை, கழுவிய ஈரத்தோடு 100 மில்லி நீரில் பரப்பி, 1 கிராம் சிட்ரிக் அமிலம் சேர்த்து, 80 முதல் 90 டிகிரியில் ஒரு மணி நேரம் கலக்குங்கள். சிட்ரேட் மேற்பரப்பில் ஒட்டி எதிர்மின்னேற்றம் கொடுக்கும். துகள்கள் ஒன்றையொன்று தள்ளி நிற்கும். அதன் பிறகு சாதாரண காந்தத்துக்கு எளிதில் வராது. அசிட்டோன் ஊற்றினால் திரண்டு இறங்கும். இறுத்துவிட்டு நீரில் மீண்டும் பரப்பி, கழுத்து வரை நிரப்பி மூடி வையுங்கள். எக்ஸ்ஆர்டி என்ற எக்ஸ்-கதிர்ச் சோதனைக்குத் தூள்தான் வேண்டுமென்றால் தேவையான அளவை மட்டும் வெற்றிட ஓவனில் 50 டிகிரியில் உலர்த்துங்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் நைட்ரஜன் சிலிண்டர் கிடையாது. ஆனாலும் வடிவம் சீரான இரும்பு ஆக்சைடு செய்து காட்ட வேண்டும். வழி உண்டா?
– உதவிப் பேராசிரியர், கிருஷ்ணகிரி

பதில்: ஹேமடைட் என்ற சிவப்பு இரும்பு ஆக்சைடுக்குப் போங்கள். அதில் இரும்பு முழுவதும் ஃபெரிக் நிலையில் இருப்பதால் காற்றைப் பற்றிக் கவலையில்லை. வேதியியலாளர் மட்டியேவிச் குழுவினர் 1970-களின் இறுதியிலிருந்து வளர்த்த வழி இது. ஃபெரிக் உப்பின் நீர்த்த கரைசலை மூடிச் சூடாக்கினால், காரம் எதுவும் சேர்க்காமல், வெப்பத்தாலேயே நீராற்பகுப்பு (நீரோடு வினைபுரிந்து பிரிவது) நடக்கும். காரம் மெல்ல மெல்லக் கரைசலுக்குள்ளேயே எல்லா இடத்திலும் சமமாகப் பிறப்பதற்குச் சமம் அது.

கதிர் வடிவ (நூற்புக் கதிர் போல இரு முனையும் மெலிந்த) துகளுக்கான கணக்கு: 1 லிட்டரில் ஃபெரிக் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 5.41 கிராம், அதாவது 0.02 மோலார், அதோடு சோடியம் டைஹைட்ரஜன் ஃபாஸ்பேட் டைஹைட்ரேட் 0.07 கிராம், அதாவது 0.00045 மோலார். 0.07 கிராமைத் தராசில் நிறுத்து நம்ப முடியாது. 0.70 கிராமை 100 மில்லியில் கரைத்து, அதிலிருந்து 10 மில்லி பிப்பெட்டில் எடுங்கள். இரும்புச் சரக்குக் கரைசலை 0.45 அல்லது 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்தாக வேண்டும். தூசியும் பழைய ஹைட்ராக்சைடு துணுக்குகளும் கண்ட இடத்தில் கருவாகிவிடும். ஃபாஸ்பேட் கலந்த நீரை முதலில் கொதிநிலை வரை சூடாக்கி, வடித்த செறிவான இரும்புக் கரைசலை அதில் ஊற்றுங்கள். குளிர்ந்த கரைசலை அப்படியே ஓவனில் வைத்தால் பாட்டிலின் ஓரம் முந்தி நடு பிந்தும். போரோசிலிகேட் பாட்டிலில் டெஃப்லான் உள்வளையமிட்ட மூடி போட்டு, 100 டிகிரி ஓவனில் இரண்டு நாள், அசைக்காமல்.

ஃபாஸ்பேட் எதற்கு என்றால், ஹேமடைட் படிகத்தின் நீள அச்சுக்கு இணையான பக்கங்களில் அது போய் ஒட்டிக்கொள்ளும். பக்கவாட்டு வளர்ச்சி அடைபட, முனைகள் மட்டும் நீளும். ஃபாஸ்பேட் கூடக் கூடக் கதிர் மெலியும். ஒரு கட்டத்துக்கு மேல் ஹேமடைட் உருவாவதே தடைபட்டுக் கூழாகவே நின்றுவிடும். எனவே 0.0001, 0.0002, 0.0003, 0.00045 மோலார் என நாலு பாட்டில் ஒன்றாக வைப்பது நல்ல பாடம். மாணவர்கள் வடிவம் மாறுவதை எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் பார்க்கலாம்.

நடுவில் எடுத்துப் பார்த்தால் மஞ்சளாக இருக்கும். அது அகாகனைட் என்ற ஊசித்துகள், இடைநிலைப் பொருள். அது கரைந்து ஹேமடைட்டாகப் படிய வேண்டும். செங்கல் சிவப்பு வராமல் நிறுத்தினால் இரண்டும் கலந்துதான் கிடைக்கும். ஓவனுக்குப் பதில் திறந்த நீர்த்தொட்டி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓசூர் கடல்மட்டத்துக்கு மேல் 880 மீட்டர் அளவில் இருப்பதால் அங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். புத்தகம் சொல்லும் நேரம் அங்கே போதாது. மின்தடை பயமிருந்தால் பாட்டில்களை மணல் நிரப்பிய தட்டில் புதைத்து வையுங்கள். சூடு சட்டென இறங்காது.

கறுப்பாகவே வேண்டும், நைட்ரஜனும் இல்லை என்பவர்களுக்கு 1980-இல் ஜப்பானிய வேதியியலாளர் சுகிமோட்டோவும் மட்டியேவிச்சும் எழுதிய வழி ஓரளவு உதவும். கொதிக்கவைத்து ஆறிய நீர் 200 மில்லியில் ஃபெரஸ் சல்பேட் 1.39 கிராம், பொட்டாசியம் நைட்ரேட் 4.04 கிராம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 0.45 கிராம். முதலில் நைட்ரேட்டும் ஹைட்ராக்சைடும், பிறகு ஃபெரஸ் சல்பேட். கழுத்து வரை நிரப்பி இறுக மூடி 90 டிகிரியில் நாலு மணி நேரம். பச்சைக் கூழ் கறுப்பாக மாறும். நைட்ரேட்தான் ஆக்சிஜனேற்றி. இரும்பு சற்று மிஞ்சினால் உருண்டைகள் வரும், காரம் மிஞ்சினால் பட்டையும் விளிம்பும் கொண்ட படிகங்கள் வரும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் வழக்கமாக 85 சதவீதத் தூய்மைதான். 0.45 கிராம் வேண்டுமென்றால் 0.53 கிராம் நிறுக்க வேண்டும். இதை மறப்பவர்களுக்கு வடிவம் ஏன் மாறுகிறது என்று புரியவே புரியாது.

கேள்வி: காய்ச்சி வடித்த நீர் வாங்க வசதியில்லை. ஆழ்துளைக் கிணற்று நீரையோ கேன் தண்ணீரையோ பயன்படுத்தலாமா?
– பள்ளி ஆசிரியர், பென்னாகரம்

பதில்: நிறம் காட்டும் செயல்விளக்கத்துக்கு வேண்டுமானால் ஆகும். சீரான துகளுக்கு ஆகவே ஆகாது. நம் பகுதி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். குடிநீருக்கான இந்தியத் தர அளவே லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியில்லையென்றால் 1.5. அது ஒரு பக்கம் என்றால், பாறை நீரில் கரைந்துள்ள சிலிக்கா இன்னும் பெரிய தொல்லை. இரும்பு ஹைட்ராக்சைடு கூழின் மேல் சிலிக்கேட் ஒட்டிக்கொண்டால் அது படிகமாக மாறுவதே தாமதமாகும். சல்பேட், பைகார்பனேட் வேறு. முந்தைய பதிலில் லிட்டருக்கு 0.07 கிராம் ஃபாஸ்பேட்டே வடிவத்தைக் கதிராக்குகிறது என்று பார்த்தோம். அப்படியிருக்க, என்ன இருக்கிறது என்றே அளக்காத நீரை ஊற்றினால் வடிவத்தைத் தீர்மானிப்பது நீங்கள் அல்ல, கிணறு. கேன் தண்ணீரும் வெறும் நீர் அல்ல. உப்பு குறைந்த நீர், அவ்வளவே.

சலவைத்தூள் போட்டுக் கழுவிய பீக்கரிலும் இதே ஆபத்து உண்டு. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் ஒருமுறை அலசி, காய்ச்சி வடித்த நீரில் மூன்று முறை அலசுங்கள்.

கேள்வி: தீர்த்தமலைப் பக்கத்துக் கறுப்புக் கல்லில் காந்தம் ஒட்டுகிறது. அதை அரைத்துச் சலித்தால் ஒரே அளவுத் துகள் கிடைக்காதா?
– கல்லூரி மாணவர், அரூர்

பதில்: கிடைக்காது. அது மேக்னடைட்டும் குவார்ட்ஸும் அடுக்கடுக்காக இருக்கும் பாறை. அரைத்தால் இரண்டும் கலந்த சில்லுகள்தான் வரும். 400 மெஷ் சல்லடையின் கண்ணே 38 மைக்ரான் அளவு. அதற்குக் கீழே சலிப்பது கடினம். நீரில் கலக்கி அடியில் தங்கவிட்டுப் பிரிக்கலாமே என்று கேட்கலாம். 10 மைக்ரான் துகள் 10 சென்டிமீட்டர் இறங்க ஆறு நிமிடம் போதும், 1 மைக்ரான் துகளுக்குப் பத்து மணி நேரம் ஆகும். கணக்கில் அழகாகப் பிரியும். ஆனால் காந்தத்தன்மையால் பெரியதோடு சிறியது ஒட்டிக்கொண்டு சேர்ந்தே இறங்கிவிடும். நம் மண்ணில் இரும்பு உருக்கிய வரலாறு பழையது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த சான்றுகள் பொ.ஆ.மு. 2172 வரை போகின்றன. உருக்குவதற்குத் துகள் ஒரே அளவில் இருக்கத் தேவையில்லை என்பதால் அந்தக் கல் அதற்குப் போதுமாக இருந்தது.

கேள்வி: நீர்த்த கரைசல் முறையில் ஒரு லிட்டருக்கு ஒன்றரை கிராம்கூடத் தேறவில்லை. பத்துப் பதினைந்து கிராம் சீரான ஹேமடைட் வேண்டும்.
– ஆய்வு மாணவர், ஓசூர்

பதில்: 0.02 மோலாரில் இரும்பு முழுவதும் மாறினாலும் லிட்டருக்கு 1.6 கிராம்தான். உங்களுக்குத் தேவை ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தின் சுகிமோட்டோ குழு 1990-களின் தொடக்கத்தில் காட்டிய கூழ்வழி. ஃபெரிக் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 54.1 கிராமை 100 மில்லியாக்குங்கள். சோடியம் ஹைட்ராக்சைடு 21.6 கிராமை இன்னொரு 100 மில்லியாக்கி ஆறவிடுங்கள். இரும்புக் கரைசலை மேலிருந்து பலமாகக் கலக்கிக்கொண்டு காரத்தை ஐந்து நிமிடத்தில் ஊற்றி முடியுங்கள். சூடேறும், தெறிக்கும், கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். கெட்டியான பழுப்புக் கூழ் கிடைக்கும். மூடிய பாட்டிலில் 100 டிகிரியில் எட்டு நாள். கனசதுரம் போன்ற, ஒன்றரை மைக்ரான் அளவுத் துகள்கள் 14 கிராம் வரை தேறும்.

இவ்வளவு செறிவிலும் ஏன் கலைந்து போவதில்லை? கூழ் இரண்டு வேலை செய்கிறது. இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கொடுக்கும் களஞ்சியமும் அதுதான், வளரும் துகள்கள் ஒன்றோடொன்று மோதாமல் பிடித்துவைக்கும் வலையும் அதுதான். கரைசலில் இரும்பின் அளவு எப்போதும் குறைவாகவே இருப்பதால் புதுக் கரு பிறக்காது.

தவறுவது பெரும்பாலும் காரத்தின் அளவில். மேற்சொன்ன கணக்கில் இரும்பின் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.1 மோலார், வீழ்படியாமல் கரைசலில் மிஞ்ச வேண்டும். சோடியம் ஹைட்ராக்சைடு ஈரம் இழுத்து 5 சதவீதம் குறைந்தால் அந்த மிச்சம் 0.145 ஆகும், 5 சதவீதம் கூடினால் 0.055-ஆகச் சுருங்கும். 11 சதவீதம் கூடினால் மிச்சமே இல்லை. அமிலச் சூழல் போய்க் காரச் சூழல் வந்து, கோயத்தைட் என்ற மஞ்சள் இரும்புச் சேர்மத்தின் ஊசிகள் தலைகாட்டும். கரைசலை டைட்ரேட் செய்து 5.4 மோலார் என்று உறுதிசெய்யாமல் ஊற்றாதீர்கள்.

சிறிய துகள் வேண்டுமானால் முன்பே செய்த நுண் ஹேமடைட்டை விதையாகச் சேர்க்கலாம். மொத்த இரும்பு மாறாததால் விட்டம் எண்ணிக்கையின் கனமூலத்துக்கு எதிர்விகிதத்தில் போகும்: எட்டு மடங்கு விதை போட்டால் விட்டம் பாதியாகும். சோடியம் சல்பேட் சேர்த்தால் வடிவம் இடையில் குறுகிய நிலக்கடலை போல மாறும். ஃபெரிக் சல்பேட்டை மூலப்பொருளாக வாங்கிவிட்டு ஏன் கனசதுரம் வரவில்லை என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

கேள்வி: 320 டிகிரியில் எண்ணெயில் காய்ச்சும் முறையில்தான் மிகச் சீரான துகள் வருமாமே. நாங்கள் செய்யலாமா?
– பொறியியல் மாணவர்கள், பர்கூர்

பதில்: வரும் என்பது உண்மை. தென்கொரியாவின் சியோலில் ஹியோன் குழு 2004-இல் காட்டிய அளவு: இரும்பு ஓலியேட் (ஓலியிக் அமிலத்தின் இரும்பு உப்பு) 36 கிராம், ஓலியிக் அமிலம் 5.7 கிராம், 1-ஆக்டடெசீன் 200 கிராம், நிமிடத்துக்கு 3.3 டிகிரி ஏற்றி 320 டிகிரியில் அரை மணி நேரம். 12 நானோமீட்டர் துகள். சுமார் 240 டிகிரிக்குள் கருக்கள் பிறந்துவிடும், வளர்ச்சி 300-ஐ ஒட்டித்தான் தொடங்கும். இடையிலுள்ள அந்த வெப்ப இடைவெளிதான் சீர்மைக்குக் காரணம். கரைப்பானின் கொதிநிலையை மாற்றினால் அளவும் மாறும். ஆனால் ஆர்கான் இணைப்பு, புகைபோக்கி அறை, வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி மூன்றும் இல்லாத இடத்தில் இதைத் தொடாதீர்கள். ஓலியேட்டில் ஈரம் மிஞ்சியிருந்தால் சூடேறும்போது பொங்கி அடிக்கும். 300 டிகிரி எண்ணெய் வெளியே வந்தால் தீதான்.

கேள்வி: காவித் தரைக்கு வாங்கும் சிவப்பு ஆக்சைடு ஒரு கடையில் ஆரஞ்சு சாயலிலும் இன்னொரு கடையில் ஊதா சாயலிலும் இருக்கிறது. எது கலப்படம்?
– கட்டுமான மேஸ்திரி, பாலக்கோடு

பதில்: இரண்டுமே சுத்தமான ஹேமடைட்டாக இருக்கலாம். 0.1 மைக்ரான் அளவில் மஞ்சள் கலந்த சிவப்பாகத் தெரியும். 1 மைக்ரானை நெருங்கும்போது ஊதா ஓடும். ஒரே தரைக்கு ஒரே தொகுப்பு எண்ணுள்ள மூட்டைகளையே வாங்குங்கள். சிமென்ட் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டினால் நிறம் கூடாது, தரையின் வலுதான் குறையும். மஞ்சள் ஆக்சைடை அடுப்புச் சூடு படும் இடத்தில் போடாதீர்கள். அது கோயத்தைட், 200 டிகிரிக்கு அருகே நீரை இழந்து சிவக்கத் தொடங்கும்.

கேள்வி: ஒரே மாதிரிக்கு எக்ஸ்ஆர்டி 10 நானோமீட்டர் என்கிறது, ஒளிச்சிதறலை வைத்து அளக்கும் டிஎல்எஸ் 120 என்கிறது. எதை எழுதுவது?
– முனைவர் பட்ட மாணவி, கிருஷ்ணகிரி

பதில்: மூன்றாவதாக டிஇஎம் (எலெக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தில் அளந்ததை எழுதுங்கள். எக்ஸ்ஆர்டி தருவது ஒரு படிகத்தின் அளவு. 35.5 டிகிரிச் சிகரத்தின் அரையுயர அகலம் 0.8 டிகிரி என்றால், சிகர அகலத்திலிருந்து படிக அளவைக் காணும் ஷெரர் சமன்பாட்டில் 10.4 நானோமீட்டர் வரும். கருவியின் சொந்த அகலத்தைக் கழித்திருக்க வேண்டும், அகலத்தை ரேடியனுக்கு மாற்றியிருக்க வேண்டும். டிஎல்எஸ்-இல் ஒளிச்சிதறல் விட்டத்தின் ஆறாம் படிக்கு ஏறுவதால் ஒரு 100 நானோமீட்டர்த் திரள், பத்து இலட்சம் 10 நானோமீட்டர்த் துகள்களுக்குச் சமமாகக் கத்தும். உங்கள் 120 என்பது திரள்களின் அளவு. படத்தில் குறைந்தது 200 துகள்களை, அழகானவற்றைப் பொறுக்காமல் வரிசையாக அளந்து, நியமவிலக்கத்தைச் சராசரியால் வகுங்கள். 10 சதவீதத்துக்குள் இருந்தால் சீரானவை என்று எழுதலாம். ஒன்று, மேக்னடைட்டையும் மேக்ஹெமைட்டையும் எக்ஸ்ஆர்டி-யை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்லாதீர்கள். சிகரங்கள் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் விழும்.

கேள்வி: கழுவிய நீரை வாய்க்காலில் விடலாமா?
– ஆய்வக உதவியாளர், தர்மபுரி

பதில்: கூடாது. அமிலமான ஃபெரிக் கழிவில் சுண்ணாம்பு சேர்த்து பிஎச் 8 வரை கொண்டுவந்து ஓரிரவு வைத்தால் இரும்பு முழுவதும் அடியில் தங்கும். தெளிநீரைப் பிரித்து, கசடை உலர்த்தித் திடக்கழிவாகக் கொடுங்கள். அம்மோனியாக் கழிவைத் தனி வாளியில் சேர்த்து நீர்த்த அமிலத்தால் நடுநிலையாக்குங்கள். அந்த வாளியில் பிளீச்சிங் பவுடர் மட்டும் விழவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். அசிட்டோன் கலந்தது தொட்டியில் போகக் கூடாது, மூடிய கரிமக் கழிவு பாட்டிலுக்குப் போகட்டும்.